எண்ணாலும் எழுத்தாலும்

...அது பெஞ்சா சார்? வராண்டால ஒண்ணு போட்டு வெச்சிருக்கீங்களே, அதுக்குப் பேர் பெஞ்சா? மூணு கால்ல நிக்குது. நாலாவது கால் இருக்க வேண்டிய இடத்துல தடியா ஒரு சட்டப் புத்தகத்தை முட்டு குடுத்திருக்காங்க. காலைல ஒம்பது மணிலேர்ந்து உக்காந்திருக்கேன். வலது பக்கம் சாஞ்சா நான் விழறேன். இடது பக்கம் சாஞ்சா சட்டம் நழுவுது. ஒரு மனுஷி எந்தப் பக்கம்தான் சாயறது?

சேச்சே, குறை சொல்லல சார். இருக்கறதைச் சொல்றேன்.

உக்காரலாமா?... உக்காந்துட்டேன். இந்த நாற்காலி தேவலை. முட்டிதான் மடங்க மாட்டேங்குது. முட்டிக்குக் காரணம் அந்தக் குழி. அது பெரிய கதை. வர்றேன், வர்றேன்.

பேரா? பேர் கடைசில எழுதிக்கலாம் சார். எங்க நாடகக் கம்பெனில யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. "குழியம்மா"ன்னுதான் கூப்பிடுவாங்க. குழியம்மா வந்தாச்சா, குழியம்மா டீ குடிச்சாச்சா, குழியம்மா குழில இறங்கியாச்சா, மணி அடிக்கலாமா... முப்பத்தோரு வருஷமா. நான் ப்ராம்ப்டர் சார். வசனம் எடுத்துக் குடுக்கறவ. மேடையோட முன் விளிம்புல ஒரு குழி வெட்டி, மேல தகரத்துல ஒரு மூடி போட்டிருப்பாங்க. ஜனங்க பக்கம் மூடி, நடிகருங்க பக்கம் திறப்பு. அதுக்குள்ள ஒரு முக்காலி, ஒரு சின்ன லைட்டு, ஒரு புத்தகம், நான். உள்ள இருக்கறவளுக்கு நடிகருங்களோட கணுக்கால் மட்டும்தான் தெரியும். முகத்தைப் பாக்கணும்னா கழுத்தை ஒடிச்சுக்கணும். யார் யாருக்குக் கால்ல ஆணி இருக்கு, யார் காலுறைல ஓட்டை இருக்குன்னு எல்லாம் எனக்குத் தெரியும். ராஜா வேஷக்காரருக்கு ரெண்டு காலுறையும் ரெண்டு கலர். அதைச் சொன்னா நாட்டுக்கு அவமானம்.

சிரிக்கலாம் சார். சிரிச்சா ஒண்ணும் ஆயிடாது. கதவு சாத்திதானே இருக்கு.

புத்தகமா? கொண்டு வந்திருக்கேன், இதோ. பாத்து, நூல் பிரிஞ்சிருக்கு. இந்த நாடாகூட பழைய மந்திரி வேஷத்தோட இடுப்புக் கச்சைல வெட்டினது. இந்தக் கறை டீ, இது எண்ணெய், இது... இது என்னன்னு தெரியல, எனக்கு முன்னாடி இருந்தவரோடது.

புத்தகத்தைக் குடுத்துட்டு, குடுத்ததுக்குக் கையெழுத்து போட்டுட்டுப் போங்கன்னா எப்படி சார் போறது? நான் வந்தது அதுக்கில்லையே. நான் மூணு நாளா வர்றேன். முந்தாநாள் உங்க ஜன்னல்ல இருக்காரே, மூக்குக் கண்ணாடியை நெத்தில மாட்டிக்கிட்டு மேஜை பூரா அதைத் தேடுவாரே, அவர்கிட்ட வந்து நின்னேன். "அய்யா, அந்த வசனத்தைச் சொன்னது நான்தான், அந்தப் பொண்ணு இல்ல, எழுதிக்குங்க"ன்னேன். அவர் நாடகத்தோட லிஸ்ட்டை எடுத்தார். விரலை வெச்சு ஒவ்வொரு பேரா பாத்தார். ராஜா இருக்கார், மந்திரி இருக்கார், காவலாளி ரெண்டு பேர் இருக்காங்க. ஒரு குதிரை வருது சார், துணிக் குதிரை. அதுல முன்னங்கால் யாரு, பின்னங்கால் யாருன்னு தனித்தனியா போட்டிருக்கு! நான் இல்ல. "லிஸ்ட்ல இல்லாதவங்க மேடைல பேசியிருக்க முடியாதும்மா"ங்கறார். "மேடைல பேசல அய்யா, மேடைக்குக் கீழ பேசினேன்"னேன். "மேடைக்குக் கீழ நடக்கறது எங்க துறை இல்ல. அது கட்டடத் துறை"ங்கறார்.

சரின்னு கட்டடத் துறைக்கும் போனேன் சார். நான் விடுவேனா? அங்க போய் "தடை பண்ணின வசனத்தை நான் பேசிட்டேன்"னு சொன்னா, அந்தம்மா "கூரை ஒழுகுதா"ன்னு கேக்கறாங்க.

வாக்குமூலம் எழுதறதுக்கு முத்திரை குத்தின தாள் வேணுமாம். முத்திரை குத்தின தாள், லிஸ்ட்ல பேர் இருக்கறவங்களுக்குத்தானாம். சாதாரணத் தாள்ல எழுதிக் குடுத்தா அது காத்துல போற குப்பையாம். நல்ல சட்டம்! குதிரையோட பின்னங்கால் வாக்குமூலம் குடுக்கலாம், நான் குடுக்கக் கூடாது. இன்னிக்குக்கூட நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க? புத்தகத்துக்கு. புத்தகத்தைத் தூக்கிட்டு வந்ததால நான் உள்ள வந்தேன். புத்தகத்துக்குத்தான் மரியாதை, தூக்கிட்டு வந்த கைக்கு இல்ல.

தெரியும் சார், உங்க கைல ஒண்ணும் இல்லன்னு. அந்த முத்திரையைத் தவிர. நான் உள்ள வந்ததுலேர்ந்து அதை உருட்டிக்கிட்டே இருக்கீங்களே, மை ஒட்டப் போகுது.

மணி என்ன? ரெண்டே காலா? மூணு மணிக்குத்தானே மேல கையெழுத்தாகுது? அப்ப முக்கா மணி நேரம் இருக்கு. நிறைய நேரம். ஒரு அங்கமே போட்டுடலாம்.

அந்தப் பொண்ணு, எங்க கதாநாயகி... நாங்க மகாராணின்னு கூப்பிடுவோம். மேடைல பிச்சைக்காரி வேஷம் போட்டாக்கூட மகாராணிதான், நடை அப்படி. அவ காலைலேர்ந்து மேல் மாடில உக்காந்திருக்கா. தெரியும்ல? மூணு மணிக்கு அவளோட மேடை அட்டையை ரத்து பண்ணப் போறாங்க. அட்டை போச்சுன்னா அவ எந்த ஊர்லயும், எந்தக் கொட்டகைலயும், ஒரு பள்ளிக்கூட நாடகத்துலகூட ஏறி நிக்க முடியாது. அவளுக்கு வேற ஒண்ணும் தெரியாது சார். வெந்நீர் வெக்கத் தெரியாது. குடையை மடிக்கத் தெரியாது. மேடைல நிக்கத் தெரியும். அது மட்டும் நல்லா தெரியும்.

இதை நான் சொல்லிட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. ஒம்பது வருஷமா ஒரு தடவைகூட சொன்னதில்ல.

ஏன்னா அவ சாதாரணப் பட்டவ இல்ல! ஒம்பது வருஷமா என் வசனத்தைத் தின்னே வளந்தவ. ஒரு கல்யாண சீன்ல மாப்பிள்ளை பேரையே மறந்துட்டா. நான் கீழேர்ந்து பேரை எடுத்துக் குடுத்தா, தன்னைத்தான் கூப்பிடறேன்னு நினைச்சு "என்னக்கா?"ன்னு குனிஞ்சு குழியைப் பாத்துக் கேக்கறா! ஐநூறு பேர் உக்காந்திருக்கறப்போ! அப்படிப்பட்டவளுக்கு இப்ப பூங்கொத்து என்ன, பத்திரிகைல படம் என்ன! "அஞ்சாத நெஞ்சம்"னு கொட்டை எழுத்துல. ஒப்பனை அறைல நிக்க இடமில்ல, அவ்வளவு பூ. தும்மித் தும்மியே எனக்கு மூக்கு போச்சு. யாரோட வசனத்துக்கு வந்த பூ? சொல்லுங்க. நான் சொன்னது சார் அது. என் வாயால சொன்னது. முப்பத்தோரு வருஷத்துல மொத்தமே ஒரு தடவைதான் எனக்குக் கைதட்டல் கிடைச்சுது. அதையும் அவ எடுத்துக்கிட்டா.

...பன்னெண்டா? அந்தப் பன்னெண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னா? வர்றேன் சார், அதுக்குத்தான் வர்றேன். முதல்ல நாடகம் என்னன்னு தெரியணுமில்ல? பாத்திருக்கீங்களா? இல்லையா? தடை பண்றவங்க யாருமே பாக்கறதில்ல.

கதை ரொம்பச் சின்னது. ஒரு ராஜா ஆத்துக்குக் குறுக்க ஒரு பாலம் கட்டறான். பாலத்தோட முனைல ஒருத்தி உக்காந்திருப்பா. அவ வேலை என்னன்னா, கடந்து போற ஆள் ஒண்ணுக்கு ஒரு கூழாங்கல் பானைல போடணும். அவ்வளவுதான். ஒரு நாள் பாலம் இடிஞ்சு விழுது. ராஜா, நாப்பது பேர்தான் போனாங்கன்னு சொல்றான். அவ பானைல எழுபது கல் இருக்கு. "பானையை ஆத்துல கவுத்துடு, நாப்பதுன்னு சொல்லு, வீட்டுக்குப் போ"ங்கறான் ராஜா. அவ மாட்டேங்கறா. வாளைக் காட்டறாங்க, மாட்டேங்கறா. தம்பியைக் கூட்டி வந்து அழ விடறாங்க, மாட்டேங்கறா. கடைசில பானையோட சேத்து அவளையும் அதே ஆத்துல இறக்கிடறாங்க. முடிஞ்சுது. சோகம்தான். ஆனா நடுநடுல அந்தக் குதிரை வந்து சிரிக்க வெக்கும்.

எழுதினவர் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அவர் எங்க கண்டார், நம்ம ஊர்ல நிஜமாவே ஒரு பாலம் விழும்னு? எட்டு மாசத்துக்கு முன்னாடி விழுந்துச்சே... ஆமா, அதான். அதனாலதான் உங்க தணிக்கைப் பெரியவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். இதோ பாருங்க, எழுபத்தி நாலாம் பக்கம். ராஜசபைல அவ சொல்ற வசனம். எப்படி அடிச்சிருக்கார் பாருங்க. தாள் கிழிஞ்சு அடுத்த பக்கத்துக்கே சிவப்பு இறங்கியிருக்கு. ஆனா படிக்க முடியுது, இல்ல? நான் படிக்கறேன்... சரி, சரி, படிக்கல. சத்தமா படிக்கல. நீங்களே கண்ணால பாத்துக்குங்க.

"பாலத்தைக் கட்டியவன் நீ, மன்னா. கடந்தவர்களை எண்ணியவள் நான். எழுபது பேர். ஒருவர்கூடக் குறையமாட்டார்."

மன்னிச்சுக்குங்க. பழக்க தோஷம். வசனத்தைக் கண்டா வாய் தானா போகுது.

எங்க வாத்தியார் இருக்காரே, டைரக்டர், நாங்க வாத்தியார்னுதான் கூப்பிடுவோம், அவர் மகா கெட்டிக்காரர்னு அவருக்கு நினைப்பு. "வார்த்தையைத்தானே அடிச்சாங்க? மௌனத்தை அடிக்க அவங்ககிட்ட பேனா இல்ல"ன்னார். அந்த வசனம் வர்ற இடத்துல மகாராணி நாப்பது எண்ணற வரைக்கும் சும்மா நிக்கணுமாம். வாயைத் திறக்கக் கூடாது. ராஜாவையே பாத்துக்கிட்டு நிக்கணும். அந்த மௌனம் இடி மாதிரி இறங்குமாம். எல்லாரும் கை தட்டினாங்க. பின்னங்கால் ஆள் அழுதே விட்டார்.

நான் மட்டும்தான் சொன்னேன், "வாத்தியாரே, இது எனக்கு ஆகாது"ன்னு. ப்ராம்ப்டருக்கு மௌனம்னா என்ன தெரியுமா சார்? அடுப்புல பால் பொங்கற மாதிரி. கை தானா ஓடும். ரெண்டு மூச்சு, அதுதான் எங்க கணக்கு. நடிகர் நிறுத்தி ரெண்டு மூச்சு ஆச்சுன்னா மறந்துட்டார்னு அர்த்தம், மூணாவது மூச்சுக்குள்ள வசனம் அவர் கால்ல போய் விழணும். எனக்குத் தூக்கத்துலகூட அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரம்மா பேசிக்கிட்டே இருக்கறப்போ நடுவுல நிறுத்தினாங்கன்னா நான் மிச்சத்தை எடுத்துக் குடுத்துடுவேன். அதனாலயே அவங்க என்னோட பேசறதில்ல. இப்படிப்பட்டவளைப் போய் நாப்பது எண்ணற வரைக்கும் சும்மா இருன்னா? ஒத்திகைல கைக்குட்டையை வாய்ல திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு கைக்குட்டையே கடிச்சுக் கிழிச்சாச்சு.

அதான் நடந்துச்சு. எழுதிக்குங்க. ஆட்டத்தன்னிக்கு அவ சும்மா நின்னா, நான் பழக்க தோஷத்துல எடுத்துக் குடுத்துட்டேன். அவ முகத்துல பாதிக்கு மேல ஈரத் துணி சுத்தியிருந்துச்சு, ஆத்துலேர்ந்து நேரா சபைக்கு வர்ற சீன். உதடு தெரியாது. அவதான் பேசினான்னு ஜனங்க நினைச்சுட்டாங்க. உங்க பெரியவரும் நினைச்சுட்டார். நினைக்கட்டும்னு அவளும் விட்டுட்டா. முடிஞ்சுது. குத்தம் என் மேல, பூ அவ மேல. குத்தத்தை என்கிட்ட குடுங்க, அவளைக் கீழ அனுப்புங்க, நான் ஜெயில்ல வேணாலும்...

என்ன சார், எழுதறதை நிறுத்திட்டீங்க?

...ஆமா, பன்னெண்டு. நீங்களும் விட மாட்டீங்க போலிருக்கு. மேல இருக்கறவங்களும் அதையேதான் அவகிட்ட கேக்கறாங்களாம். "புத்தகத்துல எழுபதுன்னு இருக்கு, உனக்குப் பன்னிரண்டு எங்கேர்ந்து வந்தது, யார் சொல்லிக் குடுத்தது"ன்னு. அவளும் "வாய்ல வந்துச்சு"ங்கறாளாம். வாய்ல வந்ததாம்! அவளுக்கு வாய்ல சொந்தமா ஒரு வார்த்தை வந்து நான் பாத்ததில்ல.

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? பக்கம் பறக்குது.

எங்க நாடகத்துல ராஜசபைல ஒரு எழுத்தர் வருவான் சார். மேஜை போட்டு ஓரமா உக்காந்திருப்பான். குதிரையோட பின்னங்கால்தான் அந்த வேஷத்தையும் போடறார், நேரம் மிச்சமா இருக்கறதால. ஒரு வசனம்கூட கிடையாது. ராஜா நாப்பதுன்னு சொன்னா நாப்பதுன்னு எழுதுவான். எழுதிட்டு மை காய மணல் தூவி ஊதுவான். அவ்வளவுதான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவனுக்கு எடுத்துக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லையே! மொத்த சபையும் கத்தும், அழும், அவன் மட்டும் உக்காந்திருப்பான். அவன் காலை மட்டும் பாத்துக்கிட்டிருப்பேன். அந்தக் கால் ஆடும் சார். பின்னங்கால் ஆள் நல்ல நடிகர். முகத்துல ஒண்ணும் காட்ட மாட்டார், ஆனா மேஜைக்கு அடில அந்தக் கால் ஆடிக்கிட்டே இருக்கும். ஜனங்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்க காலைச் சொல்லல சார். நான் ஏன் உங்க காலைப் பாக்கப் போறேன்?

சரி. சொல்லிடறேன். மணி ரெண்டு முப்பத்தஞ்சு. சொல்லிடறேன்.

பழக்க தோஷம்னு சொன்னேன் பாருங்க, அது பொய். பாதிப் பொய். ப்ராம்ப்டரோட குரல் எப்படின்னா, அது குரலே இல்ல சார். மூச்சு. வார்த்தைக்கு உருவம் இருக்கும், சத்தம் இருக்காது. நடிகரோட கணுக்கால்ல போய் விழணும், முழங்காலுக்கு மேல ஏறக் கூடாது. முப்பத்தோரு வருஷமா எனக்கு முதுகுப் பக்கம் நாலடில முதல் வரிசை. அந்த முதல் வரிசைக்கு ஒரு நாள்கூட என் குரல் கேட்டதில்ல. அப்படிப்பட்டவளோட குரல் அன்னிக்குக் கடைசி வரிசைல, தூணுக்குப் பின்னாடி நின்ன ஆளுக்குக் கேட்டிருக்குன்னா, அது பழக்கமா? பழக்கம் அவ்வளவு தூரம் போகுமா?

நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன் சார், நல்ல பிள்ளையா. கைக்குட்டை வாய்ல. ஒண்ணு, ரெண்டு, பத்து, இருபது... கொட்டகைல ஒரு செருமல்கூட இல்ல. வாத்தியார் சொன்ன மாதிரியே இடி இறங்கப் போகுதுன்னு நானும் நம்பிட்டேன். முப்பது எண்ணறப்போ எனக்குப் பின்னாடி முதல் வரிசைல உங்க பெரியவர், மெத்தை போட்ட நாற்காலில, வாய்ல ஏதோ மிட்டாயை ஒதுக்கிக்கிட்டு, பக்கத்துல இருந்தவர்கிட்ட மெல்லச் சொல்றார். "இந்த இடம் நல்லா இருக்கு. அமைதியா இருக்கு."

அமைதியா இருக்காம்.

வாத்தியாரோட மௌனத்தை அவர் அமைதின்னு எடுத்துக்கிட்டார் சார். மடில வாங்கி வெச்சுக்கிட்டார். நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு ஒத்திகை பண்ணினோம்! அது எல்லாம் அவருக்குக் கண்ணை மூட வசதியா இருந்திருக்கு.

கைக்குட்டையைத் துப்பிட்டேன். வசனம் வந்துச்சு. புத்தகத்துல கண் இருந்துச்சு. எழுபதுன்னுதான் எழுதியிருக்கு, நல்லா தெரியுது. முப்பத்தோரு வருஷத்துல ஒரு அரைப்புள்ளியைக்கூட நான் மாத்தினதில்ல. நடிகருங்க மாத்தினா சண்டைக்குப் போவேன். எழுத்தாளன் செத்துட்டான்னா அவனுக்கு நான்தான் ஆள். அந்த நான், எழுபதுன்னு இருக்கற இடத்துல பன்னிரண்டுன்னு சொன்னேன். பன்னிரண்டு பேர், ஒருவர்கூடக் குறையமாட்டார்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். தூணுக்குப் பின்னாடி நின்னவர் "பன்னெண்டு"ன்னார். பால்கனிலேர்ந்து ஒருத்தர் சொன்னார். அப்புறம் எல்லாரும் எழுந்து நின்னாங்க. திரையை இறக்கிட்டாங்க. உங்க பெரியவர் மேடை மேல ஏறி "யார் சொன்னது?"ன்னு கத்தறார். நான்தான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா குழிலேர்ந்து வெளில வரணுமே! படி ரொம்பக் குறுகல். முதல்ல வலது முட்டி, அப்புறம் கை, அப்புறம் கொஞ்சம் மூச்சு, அப்புறம் இடது முட்டி... எனக்கு நாலு நிமிஷம் ஆகும் சார். நான் மேல ஏறி வர்றதுக்குள்ள அவ "நான்தான்"னு சொல்லித் தியாகி ஆயிட்டா!

அவதான் கை குடுத்து என்னைத் தூக்கிவிட்டா. தூக்கறப்போ காதுகிட்ட சொன்னா. என் வேலை சார் அது, காதுகிட்ட சொல்றது, ஆனா அன்னிக்கு அவ எனக்கு எடுத்துக் குடுத்தா. "சும்மா இருங்கக்கா. உங்க வீட்ல ஏற்கெனவே ஒரு ஆள் குறைஞ்சாச்சு."

...தண்ணி இருக்கா? இல்ல, பரவால்ல.

அரசாங்கக் கணக்குல பதினொண்ணு சார். பாலத்துல. பதினோரு உடம்பு கிடைச்சுது, அதனால பதினொண்ணு. என் தங்கச்சி கிடைக்கல. அவ்வளவுதான் விஷயம். சீருடை தைக்கற பட்டறைல பித்தான் கட்டற வேலை அவளுக்கு. தினமும் எட்டரைக்குப் பாலத்தைத் தாண்டுவா. அன்னிக்குச் சாப்பாட்டுத் தூக்கை நான்தான் கட்டிக் குடுத்தேன். மூடியை அவ மறுபடியும் ஒரு தடவை அழுத்துவா, நான் மூடினா அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தூக்கு மட்டும் கரைல ஒதுங்கிச்சு. பக்கத்துல நசுங்கியிருந்துச்சு, ஆனா மூடி அப்படியே. திறந்தா உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல சார். அவ்வளவு இறுக்கமா மூடியிருக்கா.

அதை எடுத்துக்கிட்டுப் போய், பேரைச் சேத்துக்குங்கன்னு கேட்டேன். வேற கட்டடம், வேற ஜன்னல், இதே மாதிரி பெஞ்சு. "பாத்திரம் ஆள் ஆகாதும்மா"ன்னாங்க. லிஸ்ட்ல பதினோரு பேர் இருக்கு, லிஸ்ட்டை மூடியாச்சுன்னாங்க. எங்க குடும்பத்துக்கே லிஸ்ட் ராசி இல்ல சார். அவ செத்தவங்க லிஸ்ட்ல இல்ல, நான் பேசினவங்க லிஸ்ட்ல இல்ல.

சண்டைக்காரி சார் அவ. சின்ன வயசுலேர்ந்து. பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடறப்போ அவ பேரை விட்டுட்டா எழுந்து நின்னு, "என்னை விட்டுட்டீங்க"ன்னு கத்துவா. நான் வெக்கப்பட்டு பெஞ்சுக்கு அடில போய் ஒளிஞ்சுக்குவேன். பாருங்க, அப்பவே குழிதான் எனக்கு. ஆனா இப்ப அவ எழுந்து நின்னு கத்த முடியாதில்ல? வசனம் அவளோடது. அவ நிறுத்திட்டா. ரெண்டு மூச்சு ஆச்சு. எட்டு மாசம் ஆச்சு. எடுத்துக் குடுக்கறது என் வேலைதானே?

அதனால பூவெல்லாம் எனக்கு வேணாம் சார். சும்மா சொன்னேன். தும்மல்தான் வருது. அந்தப் பொண்ணோட அட்டையை மட்டும்...

அய்யய்யோ, என் மூக்குக் கண்ணாடி. துடைக்க எடுத்தேன், விழுந்துடுச்சு. இல்ல, நீங்க இருங்க, எழுந்திரிக்காதீங்க, நானே எடுத்துக்கறேன். மேஜைக்கு அடிலதான் போயிருக்கு. வலது முட்டி... ஆங்... கை... கொஞ்சம் மூச்சு... இந்தத் தரையைப் பெருக்கறதே இல்லையா? இங்க ஒரு பித்தான் கிடக்கு. உங்க சட்டையோடதா பாருங்க. நாலு ஓட்டை பித்தான். நாலு ஓட்டைலயும் நூல் போகணும் சார், ரெண்டுல மட்டும் கட்டினா இப்படித்தான் ஆகும்னு சொல்லுவா... நீங்க காலை எடுத்துட்டீங்களா? நல்லதாப் போச்சு, கண்ணாடி கைக்கு எட்டுது. இதோ. இடது முட்டி. வந்துட்டேன், வந்துட்டேன்... ஆச்சு.

சார்?

சார்... எங்க போனீங்க?

ஹும். எல்லாரும் இப்படித்தான். நான் நாலு வார்த்தை சேத்துப் பேசினா எழுந்து போயிடறாங்க. பக்கத்து வீட்டுக்காரம்மாவும் இப்படித்தான். கதவைக்கூட சத்தமில்லாம சாத்தியிருக்கார். மேல போய்ச் சொல்லப் போறாரோ என்னவோ. சொல்லட்டும். பேனாவை மறந்துட்டார் பாரு. மூடியைக்கூட போடல. மை காஞ்சு போகும்...

இது என்ன தாள்?

இவ்வளவு நேரம் எழுதின தாள் இல்ல இது. அது கிழிச்சுக் கூடைல கிடக்கு. இது வேற. இதுல ஒண்ணுமே எழுதல. வெறும் வாக்குமூலத் தாள், தலைப்பு மட்டும் அச்சடிச்சிருக்கு. கீழ மட்டும் முத்திரை... ஈரமா இருக்கு. விரல்ல ஒட்டுது.

பின்னங்காலே! வசனமே இல்லாம எப்படி நடிச்சுட்டுப் போயிட்டே!

மணி ரெண்டு அம்பது. மேல எத்தனை படி? நாப்பது இருக்குமா? ஏறிடுவேன். குழிலேர்ந்து ஏறினவளுக்கு இது என்ன. முதல்ல எழுதணும். என் கையெழுத்து வேற பெரிசு, நாலு கோட்டுல அடங்காது. "பேர்"... எழுதிட்டேன். என் பேரை நானே எழுதி எத்தனை நாளாச்சு. "தொழில்"... ப்ராம்ப்டர். "பேசின இடம்"... மேடைக்குக் கீழ. "பேசியது யார்"... நான். நான் மட்டும். மகாராணி வாயைத் திறக்கவே இல்லன்னு எழுதணும். எழுதிட்டேன். "பேசிய வசனம்"... பாலத்தைக் கட்டியவன் நீ, மன்னா...

எத்தனை பேர்னு வர்ற இடத்துல, எண்ணால எழுதணுமா, எழுத்தால எழுதணுமா? சார் இருந்தா கேக்கலாம். இந்த ஆபீஸ்ல ஒண்ணை எழுதினா இன்னொண்ணு இல்லைன்னு திருப்பிடுவாங்க.

ரெண்டுலயும் எழுதிடறேன்.

12.

பன்னிரண்டு.